திறப்பு யாருடைய கையில்?

கிராமியச் சங்கங்களின் பணிமனைகளுக்குச் சென்றுவரும் எவரும் இன்று அங்கே ஒரு கணனியையேனும் காண்பர். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சிக்கன கடனுதவிச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், முன்பள்ளி நிர்வாகம் என எதுவாயினும், மேசையின் மூலையில் தூசி படாமல் துணியால் மூடப்பட்ட ஒரு கணனி இருக்கும். உறுப்பினர் விபரம், கடன் கணக்கு, கடிதங்கள், நிதி வழங்குவோருக்கான அறிக்கைகள் ஆகிய யாவும் அதனுள்ளேயே தங்கியுள்ளன. ஆனால் அந்தக் கணனி தடுமாறும்போது கைகொடுக்கத் தெரிந்தவர் அந்தக் கிராமத்தில் இருப்பது குறைவு. அவர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ இருக்கிறார். பல வேளைகளில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே தொலைவிலிருந்து கணனியை இயக்கி உதவும் முறை. உதவுபவர் தமது இடத்தில் அமர்ந்தபடியே உதவி கேட்பவரின் கணனித் திரையைக் காண்கிறார். அவரது சுட்டியையும் விசைப்பலகையையும் தாமே இயக்குகிறார். இது நல்ல வசதி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வசதியை நாம் எவ்வாறு அமைத்துக் கொடுக்கிறோம் என்பதில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. உதவி முடிந்த பின்னர் அந்தக் கணனியின் திறப்பு யாருடைய கையில் இருக்கிறது? இக்கேள்வியைக் கேளாமலே பலர் இவ்வுதவியைச் செய்துவருகின்றனர். அது பற்றிய எமது கருத்தை இங்கு முன்வைக்க விரும்புகிறோம்.

தூரமும் தேவையும்

இம்முறையின் தேவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். நெடுந்தீவுக்குச் செல்வதானால் குறிகாட்டுவான் வரை பேருந்து, அதன்பின் ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகுப் பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறக்கப்படும்போது, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றுகிறது. சங்கத்தின் இலிகிதர் கோப்பு பழுதாகிவிட்டதென்று கலங்கிப்போகிறார். விடயம் தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒருவர் ஒரு முழுநாளைப் பயணத்தில் கழிப்பது அறிவுடைமையாகாது.

2020 மார்ச் 20 முதல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், 2022 இல் எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் இந்த உண்மை மேலும் தெளிவாயிற்று. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாத காலத்தில் தொலைபேசியும் இணையமுமே கைகொடுத்தன. அத்துடன் எமது குடும்பங்கள் பல நாடுகளில் சிதறி வாழ்கின்றன. வெளிநாட்டிலுள்ள மகன், ஊரிலுள்ள தகப்பனாரின் மடிக்கணனியை இரவில் திறந்து சரிசெய்து கொடுப்பது இன்று புதுமையான செய்தியன்று.

எவ்வாறு இயங்குகிறது?

எமது கணனிக்குள் என்ன நடைபெறுகின்றதென்று அறியாமல் அதனைக் குறித்து முடிவெடுக்க முடியாது. ஆகவே இதனைச் சற்று விளக்குவது பொருத்தமாகும்.

வீட்டிலோ பணிமனையிலோ உள்ள கணனி ரவுட்டர் என்னும் கருவிக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே செல்லும் அழைப்பை ரவுட்டர் அனுமதிக்கும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பைச் சாதாரணமாக உள்ளே விடாது. கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாக இணையம் பெறுமிடங்களில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. எனவே உதவுபவர் நேரடியாக அந்தக் கணனியின் கதவைத் தட்ட முடிவதில்லை. இதற்கு மாற்றாக, இருவரது கணனிகளும் இணையத்திலுள்ள ஓர் இடைநிலைக் கணனியை அழைக்கின்றன. அது ஓர் இலக்கத்தையோ குறியீட்டையோ கொண்டு இருவரையும் இனங்கண்டு இணைத்துவிடுகிறது. அதன்பின் திரையில் மாறும் பகுதிகள் ஒரு பக்கம் செல்கின்றன. சுட்டியின் அசைவும் விசைகளும் மறுபக்கம் செல்கின்றன.

இத்தொழில்நுட்பம் நேற்று முளைத்ததன்று. வி.என்.சி. எனப்படும் முறை 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2001 இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பிலேயே தொலை உதவிக்கான வசதி இருந்தது. ஜேர்மனியில் 2005 இல் ரீம்வியூவர் நிறுவனமும் 2014 இல் எனிடெஸ்க் நிறுவனமும் தோன்றின. விண்டோஸ் 10 உடன் 2016 இல் குவிக் அசிஸ்ட் என்ற சிறு மென்பொருள் சேர்ந்து வந்தது. கூகிள் நிறுவனத்தின் குறோம் றிமோட் டெஸ்க்டொப், எவரும் தமது சொந்த இடைநிலைக் கணனியை வைத்து நடத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளான றஸ்ட்டெஸ்க் என்பனவும் பாவனையில் உள்ளன. கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எந்த மனப்பாங்குடன் கையாளுகிறோம் என்பதே கேள்வி.

உதவியின் மூன்று படிகள்

தொலைவிலிருந்து செய்யும் உதவியை நாம் மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

முதலாவது, பார்த்துச் சொல்லுதல். உதவி கேட்பவர் தமது திரையைக் காட்டுகிறார். நாம் பார்த்து, எதை அழுத்தவேண்டுமென்று வாயால் சொல்கிறோம். வேலை செய்வது அவரது கை. வட்ஸ்அப் காணொளி அழைப்பிலேயே திரையைக் காட்டும் வசதி 2023 ஓகஸ்டில் அறிமுகமானது. அதில் உதவுபவர் பார்க்கலாமேயன்றித் தொட முடியாது. எமது கண்ணோட்டத்தில் அது ஒரு குறையன்று.

இரண்டாவது, கேட்டுத் தொடுதல். உரியவர் கணனியின் முன் அமர்ந்திருக்க, அவர் அனுமதியளித்த பின்னர் நாம் சுட்டியைக் கையிலெடுக்கிறோம். குறோம் றிமோட் டெஸ்க்டொப்பில் உரியவரின் கணனி 12 இலக்கங்கொண்ட ஒரு குறியீட்டைத் தருகிறது. அது 5 நிமிடங்களுக்கே செல்லும். இணைந்த பின்னரும் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, தொடர்ந்து பகிர விருப்பமா என்று உரியவரைக் கேட்கிறது. குவிக் அசிஸ்டில் உதவுபவர் கட்டுப்பாட்டைக் கோரவேண்டும், உரியவர் இணங்கவேண்டும். வேலை முடிந்து சாளரத்தை மூடியதும் கதவும் மூடப்படுகிறது.

மூன்றாவது, கேளாமல் நுழைதல். நிரந்தரமான ஒரு கடவுச்சொல்லை அமைத்துவிட்டால், அந்தக் கணனி இயங்கிக்கொண்டிருக்கும் எந்த நேரத்திலும், முன்னால் எவரும் இல்லாதபோதும், உதவுபவர் உள்ளே செல்லலாம். கிட்டத்தட்ட எல்லா மென்பொருட்களிலும் இவ்வசதி உண்டு. இது மாற்றுத் திறப்பொன்றை வெட்டி எமது சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது.

முதலிரு படிகளே வழமையாக இருக்கவேண்டும், மூன்றாவது படி விதிவிலக்காக மட்டும் இருக்கவேண்டும் என்பதே எமது கருத்து. நடைமுறையிலோ உதவுவோர் பலர் முதல் நாளிலேயே மூன்றாவது படிக்குத் தாவிவிடுகின்றனர். "ஒவ்வொரு முறையும் குறியீடு கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, கடவுச்சொல்லைப் போட்டுவிட்டால் நானே பார்த்துக்கொள்வேன்" என்கின்றனர். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் வார்த்தைதான். ஆயினும் அதன் விளைவு இரண்டு வகையில் தீங்கானது.

பழக்கமே பாதுகாப்பு, பழக்கமே ஆபத்து

முதலாவது தீங்கு பாதுகாப்புப் பற்றியது. தொலைபேசியில் அழைத்து, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்றோ "மைக்ரோசொப்ட் நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்" என்றோ கூறி, ஒரு மென்பொருளைப் பதிவிறக்கச் செய்து, கணனிக்குள்ளோ கைத்தொலைபேசிக்குள்ளோ நுழைந்து பணத்தைச் சூறையாடும் மோசடி பல நாடுகளில் நடைபெறுகிறது. 2019 பெப்ரவரியில் இந்திய றிசேர்வ் வங்கி இவ்வாறான மோசடி குறித்து அந்நாட்டு வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் செயலியைக் கைத்தொலைபேசியில் நிறுவச் செய்து, அது காட்டும் இலக்கத்தைக் கேட்டுப் பெறுவதே அங்கு கையாளப்பட்ட தந்திரம். 2024 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது குவிக் அசிஸ்ட் மென்பொருளே தவறாகப் பயன்படுத்தப்படுவதாக அறிவித்தது. மோசடிக் கும்பலொன்று முதலில் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியைக் குப்பை அஞ்சல்களால் நிரப்பும். பின்னர், அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி உதவியாளர் போல் தொலைபேசியில் அழைக்கும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மோசடிக்காரன் பயன்படுத்தும் மென்பொருள் போலியானதன்று; நாம் உதவிக்குப் பயன்படுத்தும் அதே மென்பொருள்தான். அவன் சொல்லும் வார்த்தைகளும் நாம் சொல்லும் அதே வார்த்தைகள்தான்: "இதைத் திறவுங்கள், அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள், ஆம் என்பதை அழுத்துங்கள், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்." அப்படியாயின், எமக்குக் கீழ்ப்படிந்து பழகிய ஒருவர் அவனுக்கு மட்டும் கீழ்ப்படியாமல் இருப்பார் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? கேள்வி கேளாமல் இணங்கும் பழக்கத்தை நாம் உதவி என்ற பெயரில் ஊட்டினால், கள்ளனின் வேலையில் பாதியை நாமே செய்துகொடுத்தவர்களாகிறோம். இதுவே எமது வாதத்தின் மையம்.

"குறியீட்டை எவருக்கும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கை மட்டும் போதாது. குறோம் முறையில் உதவி கேட்பவர் குறியீட்டைச் சொல்லவேண்டும். குவிக் அசிஸ்டிலோ உதவுபவர் தரும் குறியீட்டை உதவி கேட்பவர் தமது கணனியில் பதியவேண்டும். எனவே குறியீட்டின் திசையைக் கொண்டு நல்லவனையும் கள்ளனையும் பிரித்தறிய முடியாது. பிரித்தறியக்கூடியது அழைப்பின் திசையே. ஒரு சிறு பிள்ளையும் நினைவில் வைக்கக்கூடிய ஒரே விதியை நாம் பரிந்துரைக்கிறோம்: நாமாக அழைத்தால் மட்டும் கதவைத் திறப்போம், எவராவது அழைத்துத் திறக்கச் சொன்னால் திறக்கமாட்டோம்.

இவ்விதி உதவுபவரையும் கட்டுப்படுத்தும். நாமாக அழைத்து "உங்கள் கணனியைத் திறவுங்கள்" என்று ஒருபோதும் சொல்லலாகாது. ஏதேனும் செய்யவேண்டியிருந்தால், "வசதியானபோது எனக்கு எடுங்கள்" என்று செய்தி அனுப்பிக் காத்திருக்கவேண்டும். அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் இலக்கத்துக்கே அழைக்கவேண்டும். இதில் எமக்குக் கொஞ்சம் வசதிக்குறைவு உண்டு. அந்த வசதிக்குறைவுதான் அவர்களது வேலி.

நிரந்தரக் கடவுச்சொல்லில் மேலும் ஓர் ஆபத்து உள்ளது. அதை வைத்திருப்பவரின் கணனியோ கணக்கோ களவுபோனால், அவர் உதவும் பத்துச் சங்கங்களின் கதவுகளும் ஒரே நாளில் திறந்துவிடும். நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தனது கணனித் தொகுதிக்குள் ஊடுருவல் நிகழ்ந்ததை அறிவித்து, பாவனையாளர்கள் கடவுச்சொற்களை மாற்றவேண்டுமென்று கேட்டுக்கொண்டது. ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டு விண்டோஸின் தொலை இயக்க வசதியை நேரடியாக இணையத்துக்குக் காட்டிவைப்பது இதிலும் மோசமானது. அத்தகைய வாசல்களைத் தேடித் தட்டிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் இணையத்தில் அலைகின்றன.

பிறருடைய இரகசியம்

இரண்டாவது தீங்கு மனித மதிப்பைப் பற்றியது. சங்கத்தின் கணனி ஒரு வெறும் பெட்டியன்று. கணவனை இழந்த பெண்கள் எவ்வளவு கடன் பெற்றுள்ளனர், யார் தவணை தவறினர், எந்தக் குடும்பத்துக்கு எதற்காக உதவி வழங்கப்பட்டது என்ற விபரங்கள் அதில் உள்ளன. அவ்விபரங்களை நம்பிக் கொடுத்தவர்கள் சங்கத்திடமே கொடுத்தனர். தொலைவில் இருக்கும் கணனி வல்லுநரிடம் கொடுக்கவில்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், கேளாமல் நுழையும் அதிகாரம் அவருக்கு இருக்கும் வரை அவ்விரகசியம் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

சட்டமும் இதனை அறியும். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றி ஒரு கணனிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காக நிறைவேற்றப்பட்டது. "தெரிந்த பிள்ளைதானே, பார்த்தால் என்ன?" என்று சங்கத் தலைவி பெருந்தன்மையுடன் சொல்லலாம். ஆனால் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவரே என்பதை அவருக்கு எடுத்துரைக்கும் கடமை உதவுபவருக்கு உண்டு.

நடைமுறையில் செய்யக்கூடியவை

கொள்கையை மட்டும் சொல்லி நிறுத்துவது எமது நோக்கமல்ல. இவ்வுதவியை ஒழுங்குற அமைக்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ளலாம்.

முதல் ஏற்பாடு நேரில் செய்யப்படவேண்டும். எந்த மென்பொருள் என்பதைத் தெரிவுசெய்து, அதன் உண்மையான தளத்திலிருந்து நாமே நிறுவி, இரண்டு தடவை ஒத்திகை பார்க்கவேண்டும். "கூகிளில் தேடி எடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வது ஆபத்து. உண்மைத் தளங்களைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் உண்டு. தெரிவுசெய்யும்போது உரிமத்தையும் பார்க்கவேண்டும். ரீம்வியூவர், எனிடெஸ்க் ஆகியவற்றின் இலவசப் பாவனை தனிப்பட்டவர்களுக்கே உரியது. நண்பரின் வீட்டுக்குப் பொருந்துவது சங்கத்தின் பணிமனைக்குப் பொருந்தாது. சங்கங்களுக்குக் குவிக் அசிஸ்ட், குறோம் முறை, றஸ்ட்டெஸ்க் ஆகியவற்றில் ஒன்று போதுமானது. பலவற்றை நிறுவிவைப்பது பல வாசல்களைத் திறந்துவைப்பதாகும்.

கணனியின் அருகே ஒரு தாள் ஒட்டப்படவேண்டும். அதில் தமிழில், பெரிய எழுத்தில், நான்கு வரிகள் போதும்: யாரை அழைப்பது, எந்தச் சின்னத்தை அழுத்துவது, எதனை மூடினால் தொடர்பு துண்டிக்கப்படும், நாமாக அழைக்காவிட்டால் திறக்கமாட்டோம் என்ற விதி. தொடர்பைத் துண்டிக்கும் முறையை முதலில் கற்பிக்கவேண்டும். ஒத்திகையின்போது, உதவுபவர் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே தொடர்பைத் துண்டிக்குமாறு இலிகிதரைக் கேட்கவேண்டும். பெரியவர்களின் வேலையைக் குழப்புவது மரியாதையன்று என்று எண்ணி அவர் தயங்கக்கூடும். அத்தயக்கம் நீங்கும் வரை ஒத்திகை தொடரட்டும்.

பேசுவது ஒரு வழியிலும் கணனி இணைப்பு இன்னொரு வழியிலும் இருப்பது நன்று. மின்சாரமோ இணையமோ அறுந்தால், சாதாரண தொலைபேசி அழைப்பிலாவது "சேர், திரை நின்றுவிட்டது" என்று சொல்ல முடியும். வேலை தொடங்குமுன் முக்கிய கோப்புகளின் பிரதியொன்றை வெளிச் சேமிப்பகத்தில் எடுத்துவைக்கச் சொல்லவேண்டும். மென்பொருள் நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும் வேளையில், குவிக் அசிஸ்டில் உதவுபவரின் திரை கறுத்துப்போவதுண்டு. அது பழுதன்று. அந்த இடத்தில் உரியவரே வாசித்து முடிவெடுக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. "ஆம் என்று அழுத்திவிடுங்கள்" என்று அவசரப்படாமல், அங்கு என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டியேனும் வாசிக்கச் செய்வோம்.

ஒவ்வொரு தடவையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதிவு செய்யப்படவேண்டும். திகதி, நேரம், என்ன கோளாறு, என்ன செய்யப்பட்டது, யார் செய்தார் என்பவற்றை எழுதுபவர் உதவுபவரல்லர். உதவி பெற்றவரே எழுதவேண்டும். எழுதுவதற்காகவேனும் அவர் கேள்வி கேட்பார், கேட்டால் கற்றுக்கொள்வார். ஒரே கோளாறு மூன்றாந் தடவையும் கொப்பியில் வந்தால், அங்கே தேவைப்படுவது இன்னொரு திருத்தமன்று, ஒரு பயிற்சி.

சில வேலைகள் தொலைவிலிருந்து செய்யப்படலாகாது. வங்கிக் கணக்கைத் திறப்பது, பணம் அனுப்புவது, கைத்தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் குறியீட்டைப் பதிவது ஆகியவற்றின்போது இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கவேண்டும். உதவுபவர் உள்ளே இருக்கையில் உரியவர் தமது கடவுச்சொல்லைப் பதியும் நிலை வந்தால், அதை வாயால் சொல்லச்சொல்லிக் கேட்பது முறையன்று.

கணனியின் வயதையும் பார்க்கவேண்டும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவடைந்தது. எமது சங்கங்களுக்கு அன்பளிப்பாக வந்த பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாத கணனியில் தொலை இணைப்பை ஏற்படுத்துவது, கூரை பிரிந்த வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போலாகும்.

விதிவிலக்குகள்

மூன்றாவது படியை நாம் முற்றாக மறுக்கவில்லை. பார்வை குன்றிய முதியவரால் குறியீட்டை வாசிக்க முடியாது. பக்கவாதத்தால் கை இயங்காதவரால் அதைப் பதிய முடியாது. இரவில் எவரும் இல்லாதபோது புதுப்பித்தல் செய்யவேண்டிய கணனி நிலையங்களும் உண்டு. அங்கெல்லாம் நிரந்தர அனுமதி நியாயமானதே. ஆனால் அதற்கு நிபந்தனைகள் வேண்டும். சங்கமாயின், நிர்வாகக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதப்படவேண்டும். வீடாயின், உரியவருடன் அவர் நம்பும் இன்னொருவரும் அறிந்திருக்கவேண்டும். அனுமதி பெறுபவரின் பெயரும் அது முடிவடையும் திகதியும் குறிக்கப்படவேண்டும். நீண்ட கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இருக்கவேண்டும். உதவுபவர் பணியிலிருந்து விலகும் அன்றே அனுமதியும் நீக்கப்படவேண்டும். முன்னாள் உத்தியோகத்தரிடமிருந்து பணிமனைத் திறப்பைத் திருப்பி வாங்குகிறோம். கணனித் திறப்பைத் திருப்பி வாங்க மறந்துவிடுகிறோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுண்டு. "அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, கணனி தெரியாது. விளங்கப்படுத்த ஒரு மணிநேரம் செல்லும். நானே செய்தால் ஐந்து நிமிடம்." இக்கூற்று முழுப் பொய்யன்று. ஆண்டறிக்கை அனுப்பும் கடைசி நாளில் அச்சுப்பொறி இயங்காவிட்டால், பாடம் நடத்த நேரமில்லை. முதலில் வேலை நடக்கட்டும். ஆனால் எல்லா நாளும் கடைசி நாளல்ல. கடனுதவிக் கணக்கை வட்டியோடு மனக்கணக்காகச் சொல்லும் பெண்ணால், வலையின் கண்ணளவைத் தொட்டே சொல்லும் தொழிலாளியால், நான்கு சின்னங்களின் பயனை அறிந்துகொள்ள முடியாது என்பதை நாம் ஏற்கவில்லை. அவர்களுக்குக் குறைவாக இருப்பது அறிவல்ல. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள்தான் குறைவு. ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தவர் அடுத்த மாதமும் அதே ஐந்து நிமிடத்தைச் செலவிடுவார். அதற்கடுத்த மாதமும் செலவிடுவார். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த ஒரு மணிநேரம் நட்டமல்ல.

இன்னொன்றையும் இங்கு சொல்லவேண்டும். பட்டினத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எல்லாக் கோளாறுகளையும் இலவசமாகத் தீர்த்துக்கொண்டிருந்தால், சந்தியில் கணனி திருத்தும் கடை வைத்திருக்கும் இளைஞனிடம் எவரும் செல்லமாட்டார்கள். அவனும் கடையை மூடிவிட்டு வேறு வேலை தேடிப் போவான். மின்விசிறி நின்றுபோனதையும், நினைவகத் தட்டு பழுதானதையும், இடிமின்னலில் ரவுட்டர் எரிந்ததையும் எந்தத் தொலை இணைப்பும் சரிசெய்யாது. அன்று அவன் வேண்டும். ஆகவே அவனால் செய்யக்கூடியதை அவனிடமே கொடுத்து, உரிய கூலியையும் கொடுக்குமாறு சங்கங்களுக்கு ஆலோசனை கூறுவோம். அவனுக்கு விளங்காத இடத்தில் நாம் அவனுக்குத் தொலைவிலிருந்து உதவுவோம். அப்போது எமது அறிவு ஊரிலேயே தங்கும்.

நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கிராமங்களில் பணியாற்றும் நிறுவனங்கள் சங்கங்களுக்குக் கணனி வழங்கும்போது, அதனுடன் ஒரு பக்க அளவில் ஓர் இணக்கப்பாட்டையும் எழுதிக்கொள்ளவேண்டும் என்று வேண்டுகிறோம். யார் உதவுவார், எந்த முறையில், எந்த நேரங்களில், எதைத் தொடமாட்டார், அனுமதி எப்போது முடியும் என்பன அதில் இருக்கட்டும். ஒவ்வொரு சங்கத்திலும் ஒருவரையல்ல, இருவரைப் பயிற்றுவிக்கட்டும். ஒருவர் திருமணமாகி வேறூருக்குச் சென்றாலும், வேலை கிடைத்துக் கொழும்புக்குச் சென்றாலும் மற்றவர் இருப்பார். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மாதர் சங்கத்தின் கணனிக்குள் என்ன இருக்கிறதென்று அறிந்தவர்களும் அதைக் காக்கவேண்டியவர்களும் அவர்களே.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவின் கணனியை நீங்கள் தூரத்திலிருந்து சரிசெய்வது அன்பின் செயல். அதனோடு, கதவைத் திறப்பதும் மூடுவதும் எவ்வாறு என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் உள்ளே இருக்கையில் "இப்போது நான் இதைச் செய்கிறேன் அம்மா" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வேலை முடிந்ததும் "இனி நீங்களே மூடுங்கள்" என்று சொல்லிக் காத்திருங்கள். இவற்றுக்கு மேலதிகமாக ஐந்து நிமிடம் செல்லும். அடுத்த நாள் முன்பின் அறியாத குரலொன்று தொலைபேசியில் வந்து "திறவுங்கள்" என்று சொல்லும்போது, அந்த ஐந்து நிமிடம் அவரைக் காப்பாற்றும்.

உதவுபவரின் திறமையை நாம் பெரும்பாலும் அவர் தீர்த்துவைத்த கோளாறுகளின் எண்ணிக்கையால் அளக்கிறோம். வேறோர் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு கழிந்த பின்னர் அந்தச் சங்கத்தின் இலிகிதர், உதவ வந்தவரின் கையைத் தாமாக நிறுத்தி, "பொறுங்கள் சேர், இது என்னவென்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று கேட்கும் துணிவு பெற்றிருந்தால், அந்த உதவி பலனளித்திருக்கிறது.